மேல் வீட்டுத் தண்ணீர்

றிஸ்லாவின் வீட்டில் இன்றைக்கு என்ன ஆக்கினார்கள் என்பதை மற்றவர்கள் மணத்தை வைத்து அறிவார்கள். நிஸ்றா போத்தலை வைத்து அறிவாள்.

போத்தல் என்பது நிஸ்றாவின் குசினியில் சிங்குக்குக் கீழே தொங்குகிற வெள்ளைப் பிளாஸ்டிக் குவளை. ஹாட்வெயார்க் கடைக்காரன் அதற்கு ஏதோ இங்கிலீசுப் பெயர் சொன்னான். அது அவளுக்கு வாயில் நுழையவில்லை. பார்க்கப் போத்தல் மாதிரி இருந்தது, போத்தலாகிவிட்டது. சிங்கில் ஊற்றுகிற தண்ணீர் அதற்குள் விழும். கனமானதெல்லாம் அடியில் தங்க, மேலே நிற்கிற தண்ணீர் மட்டும் வழிந்து சுவருக்குள் போகிற குழாயால் வெளியே கழிவுக் கானுக்குப் போய்விடும். எப்போதும் ஒரு கோப்பைத் தண்ணீர் உள்ளே நிற்பதால் கானின் நாற்றம் வீட்டுக்குள் வராது. நல்ல சாமான்தான். ஆனால் அந்தப் போத்தலுக்கு இரண்டு வாய்.

ஒரு வாய் நிஸ்றாவுடையது. மற்றது அவளுடைய தங்கச்சி றிஸ்லாவுடையது.

காத்தான்குடியில் பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்துத்தான் கலியாணம். மூத்தவள் நிஸ்றாவுக்கு வாப்பா தான் இருந்த வீட்டையே எழுதிக் கொடுத்தார். இளையவளுக்கு வீடு கட்ட வளவுக்கு எங்கே போவது? அந்த ஒழுங்கையில் தன் வீட்டு ஜன்னலால் கையை நீட்டினால் அடுத்த வீட்டு ஜன்னல் கம்பியைப் பிடிக்கலாம். அதனால் மூத்தவளின் வீட்டுக்கு மேலேயே இளையவளுக்கு ஒரு வீடு எழுந்தது. வட்டையிலிருந்த நெற்காணியை விற்ற காசெல்லாம் அதில் போயிற்று. பளபளவென்று மாபிள் போட்ட தரை, மூன்று பக்கமும் ஜன்னல், படி பின் ஒழுங்கைப் பக்கமாக. சிங்கின் குழாயை மட்டும் தனியாக இறக்க இடமில்லை என்று மேசன் அதைக் கீழே கொண்டுவந்து நிஸ்றாவின் போத்தலில் இருந்த பக்க வாயில் மாட்டிவிட்டான்.

"ஒரு வயித்துப் புள்ளையளுக்கு ஒரு போத்தல் காணும்தானே" என்று சிரித்துவிட்டும் போனான்.

அன்றிலிருந்து மேல் வீட்டுக்கு வாவிக் காற்று வந்தது. கீழ் வீட்டுக்கு மேல் வீட்டுத் தண்ணீர் வந்தது.

முதன்முதல் போத்தலைக் கழற்றிய நாளை நிஸ்றா மறக்கமாட்டாள். கீழே வாளியை வைத்து, அடிக் குவளையை இடப்பக்கமாகத் திருகி, சேறும் தண்ணீருமாக வாளிக்குள் விழுத்தி, கெட்டிக்காரி மாதிரித்தான் எல்லாம் செய்தாள். பிறகு அந்த வாளியைத் தூக்கி, பழக்கதோசத்தில் அதே சிங்குக்குள் ஊற்றினாள். போத்தல் இல்லாத சிங்க். ஊற்றியதெல்லாம் நேராக அவளுடைய காலில் விழுந்தது. அவளுடைய மாப்பிள்ளை சரீப் அதைப் பார்த்துச் சிரித்த சிரிப்பு பள்ளிவாசல் வரைக்கும் கேட்டிருக்கும்.

அதன் பிறகு அவள் பிழை விடவில்லை. வாளித் தண்ணீர் வாழைக்கு, அடிச் சேறு பழைய பேப்பரில். குவளையைப் பழைய பல்துலக்கியால் தேய்த்து, றப்பர் வளையம் கோணாமல் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்து, திரும்பவும் திருகிவிடுவாள். முன்பெல்லாம் மாதக் கணக்கில் ஒருக்கால்தான் அந்த வேலை. இப்போது சில மாதமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கழற்ற வேண்டியிருந்தது. மேலேயிருந்து அவ்வளவு வந்தது.

அதுவும் என்னென்ன வந்தது! பேப்பரில் கொட்டிய சேற்றை ஈர்க்கிலால் கிண்டிப் பார்ப்பது அவளுக்குப் பழக்கமாகிப் போனது. இறால் கோது கிடந்தால் இறால் கறி. பெரிய பெரிய செதில் கிடந்தால் கொடுவா மீன். நீளமான பாஸ்மதிச் சோற்றுப்பருக்கை, கஜு முந்திரித் துண்டு, ஊதிப்போன திராட்சைப் பிளம்ஸ், குவளையின் ஓரமெல்லாம் மெழுகு மாதிரி உறைந்த நெய். நிஸ்றாவின் வாய் எது? குத்தரிசி ஐந்தாறு, தேங்காய்ப்பூ, கூனி இறாலின் கண்.

"நீ போத்தலக் கழுவுறியா, பொலிசு விசாரணை நடத்துறியா?" என்று சரீப் கேட்டான்.

"இஞ்ச வந்து பாருங்க. கஜு. முழுக் கஜு. திங்க ஏலாமக் கழுவி ஊத்தியிரிக்காள்."

"அஸாம் கட்டார்ல இரிக்கான். அவன்ட பொஞ்சாதி கஜு திங்காமக் கல்லையா திங்கிற? உனக்கென்ன?"

அவளுக்கு என்னவென்று சரீபுக்கு விளங்காது. கஜுவில் அவளுக்கு ஆசை இல்லை. அந்த ஒழுங்கையில் ஒரு வீட்டில் நல்ல சாப்பாடு ஆக்கினால் பக்கத்து வீட்டுக்கு ஒரு கோப்பை போகும். வெறுங்கோப்பை திரும்பி வராது, அதில் வேறொன்று வரும். பக்கத்து வீடுகளுக்கே அப்படியென்றால் கூடப்பிறந்தவளுக்கு? கலியாணம் முடித்த நாளிலிருந்து றிஸ்லா ஒரு பருக்கை நெய்ச்சோறு ஆக்கினாலும் மூடிபோட்ட கோப்பை ஒன்று கீழே வந்துவிடும். போன ஹஜ்ஜுப் பெருநாளுக்குப் பிறகு அது நின்றுபோனது. நின்றதோடு நிஸ்றாவும் தன்னுடைய கோப்பையை நிறுத்திக்கொண்டாள். மேலே ஏறிப் போய் ஏன் என்று கேட்டிருக்கலாம். கேட்பாளா? வாயால் கேட்டு வாங்குகிற சோறு ஒரு சோறா?

அனுப்பாமல் இருப்பதற்கு ஆக்காமல் இருந்தால் பரவாயில்லை. ஆக்குகிறாள். போத்தல் பொய் சொல்லாது.

பிறகு றப்பர் வளையங்கள் வரத் தொடங்கின. மெல்லிய, சின்ன, மஞ்சளும் சிவப்புமான வளையங்கள். முதல் வெள்ளி ஒன்று கிடந்தது. பிள்ளைகள் விளையாடிப் போட்டிருக்கும் என்று நினைத்தாள். அடுத்த வெள்ளி ஒரு கொத்து, இறால் கோதோடு பின்னிக்கொண்டு. ஈர்க்கிலில் கோர்த்துத் தூக்கிப் பார்த்தவளுக்குச் சட்டென்று விளங்கியது. கடைச் சோற்றுப் பார்சலோடு வருகிற கறிப் பைகளைக் கட்டுகிற வளையமல்லவா இது!

"ஆக்கித் தின்னவும் பஞ்சியாப் போச்சி மகாராணிக்கு" என்று போத்தலைப் பார்த்துச் சொன்னாள். "கடையில எடுத்துத் திங்கிறாள்."

அதோடு விட்டிருப்பாள். புதன்கிழமை மதினி வராமல் இருந்திருந்தால்.

மதினி என்றால் சரீபின் ராத்தா, அவனுக்கு மூத்தவள். சொல்லாமல் கொள்ளாமல் பகலைக்கு வந்து குந்தினாள். நிஸ்றா பருப்பும் சுண்டலும் வைத்துச் சோறு போட்டாள். மதினி முதல் பிடியைப் பிசையும்போது மேலேயிருந்து நெய்யும் ஏலமும் இறங்கி வந்தது. மதினி மூக்கை உயர்த்தினாள்.

"மேல புரியாணியா?"

"இரிக்கும்."

"உனக்கு ஒரு கோப்பை வரல்லையா புள்ள?"

"எங்களுக்கு நெய் சேராது மதினி."

"ஓ... சேராது" என்றாள் மதினி. அந்த "ஓ"வை அவள் இழுத்த இழுப்பு இரண்டு நாளாக நிஸ்றாவின் நெஞ்சுக்குள் கிடந்து அறுத்தது.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், சரீப் கடைக்குப் போன கையோடு, அவள் சிங்குக்குக் கீழே குந்தினாள். போத்தலைக் கழற்றினாள். வளையங்கள் குவியலாக விழுந்தன. கிண்டிப் பார்க்கக்கூட இல்லை. குவளையைக் கழுவி வைத்துவிட்டு, மேல் வீட்டுக் குழாய் மாட்டியிருந்த பக்க வாயைக் கையால் பிடித்துப் பார்த்தாள். பெரிய நட்டு. மணிக்கட்டு வலிக்கத் திருகினாள், கழன்றது. ஜன்னல் கேட்டன் தைத்து மிஞ்சிய துண்டுச் சீலை அலுமாரிக்கு மேலே கிடந்தது. அதைச் சுருட்டி, குழாய்க்குள் செருகி, அகப்பைக் காம்பால் இடித்து இடித்து இறுக்கினாள். திரும்பவும் நட்டைப் போட்டு முறுக்கினாள். குவளையையும் மாட்டினாள். எழும்பிக் கைகழுவினாள். அவளுடைய தண்ணீர் அழகாகப் போனது.

"உன்ட நெய்ய நீயே வச்சிக்க" என்றாள் முகட்டைப் பார்த்து.

கொஞ்ச நேரம் நல்ல சந்தோசமாக இருந்தது. தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு கதிரையில் இருந்து மேலே காது கொடுத்தாள். தண்ணீர் திறக்கிற சத்தம். சட்டி உருளுகிற சத்தம். பிறகு தடதடவென்று ஓட்டம், ஒரு ஆளுடைய ஓட்டமல்ல, இரண்டு ஆளுடையது. அதன் பிறகு வாளியால் அள்ளி அள்ளி ஊற்றுகிற சத்தம். தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். மாபிள் தரை வழுக்கும். பிள்ளைகள் இரண்டும் சின்னது.

முன்வாசலில் "ராத்தா!" என்று குரல் கேட்டது. எத்தனை மாதத்துக்குப் பிறகு!

றிஸ்லா நின்றாள். பாவாடை முழங்கால் மட்டும் நனைந்து, முக்காடு கழுத்தில் விழுந்து, இரண்டு கையாலும் ஒரு சட்டியை அணைத்துக்கொண்டு. அது சட்டியல்ல. கலியாண வீட்டு அண்டா. அடியில் நெய்யும் மசாலாவும் ஒட்டிப்பிடித்திருந்தது.

"ராத்தா, மேல சிங்க் அடைச்சிட்டு. குசினியெல்லாம் தண்ணி. உங்கட சிங்க் போகுதா? இதக் கழுவிட்டு மறுகா ஒலையில வைக்கணும்."

"என்ட சிங்குக்கு என்ன? போகுது" என்றாள் நிஸ்றா. கண் அண்டாவிலேயே நின்றது. "ஆருக்கு இவ்வளவு? மேல கலியாணக் களறியா நடக்குது?"

றிஸ்லா குசினிக்குள் போனாள். சிங்கில் அண்டாவை வைத்தாள். அது கொள்ளவில்லை, பாதி வெளியே நின்றது. அதைப் பிடித்துக்கொண்டே நின்றவள், குனிந்தபடி சொன்னாள்.

"ஓடர் ராத்தா. கடைத்தெருவுல கடைகளுக்கு, பகல் பார்சல். ஜும்ஆத் தொழுகை விட்டதும் எடுக்க வருவானுகள்."

"ஆருட ஓடர்?"

"என்டதான். நான்தான் ஆக்கிக் குடுக்கிற."

நிஸ்றாவுக்கு ஒன்றும் ஓடவில்லை. "நீ கடையில எடுத்துத் திங்கிறாய் எண்டெல்லோ நான்..." என்று தொடங்கியவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"கடையில எடுக்கக் காசு எங்கால? அவர்ட கொம்பனிய மூடிட்டானுகள் ராத்தா. ஹஜ்ஜுப் பெருநாளோட. வேற வேலை தேடிக்கொண்டு அங்கதான் இரிக்கார், ஆருக்கும் சொல்லாத எண்டு."

"எனக்குமா சொல்லாத எண்டார்?"

"உங்களுக்கு நான்தான் சொல்லல்ல." றிஸ்லா இப்போது நிமிர்ந்து பார்த்தாள். "மேல் வீட்டு மகாராணி எண்டு நீங்க சொல்றது எனக்குக் கேக்கிற. உங்கட குசினி ஜன்னலும் என்ட குசினி ஜன்னலும் ஒண்டுக்கு மேல ஒண்டுதானே. மகாராணி சோத்துப் பார்சல் கட்டுறாள் எண்டு நான் எந்த வாயால வந்து சொல்ல?"

நிஸ்றாவுக்குச் சொல்ல வேண்டியது எவ்வளவோ இருந்தது. வாயில் வந்தது ஒன்றுதான்.

"ஒரு கோப்பை அனுப்பல்லையே நீ."

"என்னத்த அனுப்புற? நல்ல சோறெல்லாம் பார்சலுக்கு அளந்து போகுது. எனக்கும் புள்ளையளுக்கும் மிஞ்சிற அடிச் சோறு. கருகின அடிச் சோத்த மூடி போட்டு மூத்த ராத்தாட வீட்டுக்கு அனுப்பச் சொல்றீங்களா?"

வளையங்கள் இப்போதுதான் நிஸ்றாவுக்குச் சரியாக விளங்கின. அவை அவிழ்த்துப் போட்ட வளையங்களல்ல. கட்டும்போது கைதவறி விழுந்த வளையங்கள். போத்தல் பொய் சொல்லவில்லை. அவள்தான் அதைத் தலைகீழாகக் கேட்டிருந்தாள்.

"நீ மேல போ" என்றாள் அவசரமாக. "போத்தலுக்குள்ளதான் ஏதும் சிக்கியிரிக்கும். நான் எடுத்து விடுறன். போ, புள்ளையள் தண்ணிக்குள்ள நிக்கும்."

"புள்ளையள் அறைக்குள்ள. வாளிய நான் பிடிக்கிறன்."

"தேவையில்ல எண்டுறன்."

"என்ன கா அடம்பிடிக்கிறாய்? அவள் பிடிக்கட்டுமே" என்று வாசலில் இன்னொரு குரல். பின் ஒழுங்கைக் கைறுன்னிஸா மாமி. அவளும் முழங்கால் மட்டும் நனைந்திருந்தாள். மேலே ஓடிய இரண்டாவது ஆள் யார் என்று நிஸ்றாவுக்கு அப்போது தெரிந்தது. கைறுன்னிஸாவின் மணிக்கட்டில் வளையல் மாதிரி அடுக்கடுக்காகக் கிடந்தன, மஞ்சளும் சிவப்புமான றப்பர் வளையங்கள்.

அப்போ மாமிக்குத் தெரியும். தனக்குத் தெரியாது. இவ்வளவு வெட்கத்துக்கும் நடுவில் பொறாமை வந்து அவளை இன்னொரு தரம் கடித்துவிட்டுப் போனது.

இனித் தப்ப வழியில்லை. குந்தினாள். றிஸ்லா வாளியைப் பிடித்தாள். கைறுன்னிஸா இடுப்பில் கைவைத்துக் குனிந்து பார்த்தாள். நிஸ்றா குவளையைக் கழற்றி வைத்துவிட்டுப் பக்க வாயின் நட்டைத் திருகினாள். அது அரைவாசி கழன்றதுமே குழாய் சீறியது. மேல் வீட்டிலிருந்து கீழ் வீடு மட்டும் நின்ற தண்ணீரெல்லாம் ஒரே மூச்சில் வந்து நிஸ்றாவின் நெஞ்சில் அடித்தது. நெய்யும் மல்லிச் சாறும் ஊறவைத்த அரிசித் தண்ணீருமாக. அதற்குப் பின்னால், தள்ளப்பட்டு, பொத்தென்று வாளிக்குள் விழுந்தது அந்தச் சீலைச் சுருள்.

மேலே சிங்க் குளகுளவென்று இறங்குகிற சத்தம் கேட்டது.

கைறுன்னிஸா ஈர்க்கிலை எடுத்துச் சுருளைக் குத்தித் தூக்கினாள். அது விரிந்தது. நீலச் சீலை, வெள்ளைப் பூ. மூன்று பேருடைய கண்ணும் ஒன்றாகக் குசினி ஜன்னலுக்குப் போனது. அங்கே காற்றுக்கு ஆடிக்கொண்டிருந்தது நீலக் கேட்டன், வெள்ளைப் பூப் போட்டு.

"உன்ட கேட்டன் எப்பிடிப் புள்ள மேல் வீட்டுக் குழாய்க்குள்ள போச்சி?"

"எலி..." என்றாள் நிஸ்றா. முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தாள். "எலி இழுத்திரிக்கும்."

"ஓங்கா. எலிதான். இழுத்து உள்ள வச்சி, நட்டையும் முறுக்கிட்டுப் போயிரிக்கி. நல்ல வேலைகாரி எலி."

நிஸ்றா றிஸ்லாவைப் பார்க்கவில்லை. கையில் ஏதாவது வேலை வேண்டும் போலிருந்தது. வாளியைத் தூக்கினாள், அப்படியே சிங்குக்குள் கவிழ்த்தாள். குவளையையும் குழாயையும் திரும்ப மாட்டாத சிங்க். ஊற்றியதெல்லாம் ஆறு காலிலும் விழுந்தது.

முதலில் சிரித்தவள் றிஸ்லா. சிரிப்பை அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. அண்டாவைப் பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாள். அது சிரிப்புத் தண்ணீர்தானா என்று நிஸ்றாவால் பார்த்துச் சொல்ல முடியவில்லை. பிறகு றிஸ்லா ஈர்க்கிலிலிருந்து சீலையைக் கழற்றினாள். முறுக்கிப் பிழிந்தாள். உதறி, ஜன்னலில் அந்தக் கேட்டனுக்குப் பக்கத்திலேயே காயப்போட்டாள். தெரிந்துகொண்டேன் என்று சொல்வதற்கு அவளுக்கு அவ்வளவு போதும்.

"எலியப் பொறகு பாப்பம்" என்றாள். "இனிக் கிழமையில ஒருக்கா என்ட அண்டாவ அந்த எலிதான் கழுவணும். இப்ப ராத்தா, நீங்க உடுப்ப மாத்திட்டு மேல வாங்க. ஜும்ஆவுக்கு நேரமாகுது, கட்டக் கை காணா."

நிஸ்றா குழாயையும் குவளையையும் மாட்டி, றப்பர் வளையத்தை இரண்டு தரம் தடவிப் பார்த்து, அண்டாவை உரஞ்சிக் கழுவி, தானே தூக்கிக்கொண்டு பின் ஒழுங்கையால் சுற்றிப் படியேறினாள். மேலே காற்று நன்றாகத்தான் வந்தது. றிஸ்லா அண்டாவை வாங்கி இரண்டாவது ஒலையை வைத்தாள். மாபிள் தரையில் விரித்த பாயில் சோற்றுக் குவியல், ஆவி பறக்க. கஜு மேலே மட்டும் தூவியிருந்தது, பார்வைக்கு.

கைறுன்னிஸா மாமி றிஸ்லாவுக்குப் பக்கத்தில், பழகிய இடத்தில் குந்தியிருந்தாள். உப்பு எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தது. சின்னவனுக்கு என்ன பேர் சொல்லிக் கூப்பிட்டால் அழுகை நிற்கும் என்றும் தெரிந்திருந்தது. நிஸ்றா அதையெல்லாம் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். பார்க்கப் பார்க்க எரிந்தது.

"மாமி, கொஞ்சம் தள்ளிக் குந்துங்க."

"இந்தப் பக்கம் இடமிரிக்கே புள்ள."

"எனக்கு இந்தப் பக்கம்தான் கை வரும்."

கைறுன்னிஸா றிஸ்லாவைப் பார்த்தாள். றிஸ்லா பருப்புப் பையை முறுக்கிக்கொண்டே உதட்டுக்குள் சிரித்தாள். மாமி முணுமுணுத்துக்கொண்டு தள்ளிக் குந்தி, மணிக்கட்டிலிருந்து பாதி வளையங்களைக் கழற்றிக் கொடுத்தாள். நிஸ்றா அவற்றைத் தன் கையில் போட்டுக்கொண்டு கட்டத் தொடங்கினாள். முதல் வளையம் தெறித்துச் சிங்குக்குள் விழுந்தது. எழும்பிப் போய், துவாரத்துக்குள் விழமுதல் பிடித்துக்கொண்டு வந்தாள்.

ஜும்ஆ விட்டு, பார்சல்கள் எல்லாம் படியிறங்கிப் போன பிறகு, றிஸ்லா அண்டாவைச் சரித்து அடிச் சோற்றைச் சுரண்டினாள். கறுத்து, ஒட்டி, அப்பளம் மாதிரிக் கிளம்பி வந்தது. அதைச் சஹன் தட்டில் போட்டுப் பாயின் நடுவில் வைத்தாள். வைத்துவிட்டுக் கையை எடுக்காமல் நின்றாள்.

"கருகினது ராத்தா. உண்மையா உங்களுக்கு ஏலுமா?"

"வை கீழ" என்றாள் நிஸ்றா.

கைறுன்னிஸா மாமி கை நீட்டுவதற்கு முன்பு, எல்லாவற்றிலும் பெரிய, நன்றாகக் கருகிய துண்டை அவள் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.